சராசரியைக் கழி, மாவட்டத்தால் வகு

இலங்கைத் தமிழனுக்குப் பரீட்சை வந்தது கப்பலில். 1880 இல், கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சை என்ற பெயரோடு. கேள்வித்தாள் அங்கே அச்சாகிக் கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும். எங்கள் பூட்டன்மார் கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க விடை எழுதுவார்கள். விடைத்தாள் திரும்பக் கப்பலேறிப் போகும். பெறுபேறு வர மாதங்கள் ஆகும். அதற்கிடையில், "பெடியன் பாஸ் பண்ணியிருப்பான்" என்ற நம்பிக்கையிலேயே சீதனம் பேசிக் கலியாணமும் முடித்துவிடலாம். களனி கங்கையைவிடத் தேம்ஸ் நதியை அதிகம் அறிந்த ஒரு தலைமுறை இப்படித்தான் உருவானது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேம்ஸுக்கு மார்க் இருந்தது.

ஆனால் இந்தக் கதையின் முதல் கதாநாயகன் அந்தக் கப்பலுக்கும் முந்தியவர், கொட்டாஞ்சேனைப் பக்கத்து உறவுள்ளவர். பொன்னம்பல முதலியார் 1856 இல் கொச்சிக்கடையில் சிவன் கோயில் கட்டினார். இன்று நாம் பொன்னம்பலவாணேசர் கோயில் என்று கும்பிடுவது அதைத்தான். அவருடைய மகன் இராமநாதன் பின்னாளில் அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். தம்பி அருணாசலம்தான் நம் கதாநாயகன், அவருக்குக் கல்லைவிடப் பேனை கைவந்தது. 1870 இல் புலமைப்பரிசில் வென்று கேம்பிரிட்ஜ் போனார். திரும்பி வந்து, போட்டிப் பரீட்சை எழுதி இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் ஆனார். வெள்ளைக்காரன் வைத்த சோதனையில் வெள்ளைக்காரனையே பிடித்தவர். அதன் பிறகு கொழும்புத் தமிழ் வீடுகளில் எந்தப் பிள்ளைக்கும் நிம்மதி இல்லை.

அதே அருணாசலம்தான் 1901 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பை நடத்தினார். எந்த மாவட்டத்தில் எத்தனை தலை என்று நுணுக்கமாக எண்ணி எழுதி வைத்தார். பரீட்சையால் மேலே வந்த மனிதர், மாவட்டத் தலைகளையும் எண்ணிக் காட்டினார். பின்னாளில் இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று மோதித் தன் ஊர்ப் பிள்ளைகளின் தலையில் விழும் என்று பாவம் மனிதருக்கு யார் சொன்னார்கள்?

1906 இல் அவரும் கூட்டாளிகளும் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்தார்கள். அரசாங்கம் தன் வழமையான வேகத்தில் இயங்கி, 1921 இல் தேர்ஸ்டன் வீதியில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தது. பட்டம் மட்டும் லண்டன் பட்டம். முழுப் பல்கலைக்கழகம் 1942 இல்தான் வந்தது. துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அதுவரை உள்ளே போக உண்மையில் இரண்டு சோதனைகள் இருந்தன. முதலாவது தகப்பனின் மடிப்பணத்துக்கு, இரண்டாவது பிள்ளைக்கு. 1945 இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்து முதலாவது சோதனையை எடுத்துவிட்டார். எடுத்ததும் இரண்டாவது சோதனைக்கு வரிசை நீண்டது. இந்த நாட்டில் வரிசை குறைந்ததாகச் சரித்திரமே இல்லை.

வெள்ளவத்தை எழும்பியதும் இந்தப் பரீட்சைகளின் புண்ணியத்தில்தான். வடக்கில் கிணறு ஆழம், காணி துண்டு துண்டு, மிசனரிமார் நட்டுவிட்டுப்போன பள்ளிக்கூடங்கள் மட்டும் நிறைய. ஆகவே விளைந்தது கிளாக்கர்மார். கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய் என்ற வேதவாக்கோடு அவர்கள் ரயிலேறிக் கொழும்புக்கு வந்தார்கள். வெள்ளவத்தையில் கோட்டைக்குப் போகக் கரையோர ரயில் இருந்தது, சைவச் சாப்பாடு இருந்தது, பொழுதுபோக்கக் கடல் இருந்தது. ஒரு அறையில் நாலு பேர் போடிங் இருந்து, சம்பளத்தில் பாதியை மணியோடரில் ஊருக்கு அனுப்பி, மீதியில் தம்பியைக் கூப்பிட்டு அவனையும் சோதனைக்கு இருத்தினார்கள். கொட்டாஞ்சேனைக்காரருக்கு இந்த அவசரம் கொஞ்சம் குறைவு. அங்கே செட்டியார் தெருக் கடை இருந்தது, துறைமுகம் இருந்தது, செபமாலையும் இருந்தது. ஆனாலும் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரிப் பெடியனும் நல்லாயன் கன்னியர் மடப் பிள்ளையும் கடைசியில் உட்கார்ந்தது அதே மண்டபத்தில், அதே கேள்வித்தாளின் முன்தான்.

1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. கிளாக்கர் கதவு மூடிக்கொண்டது. சரி, மொழி கேட்காத உத்தியோகம் எது? பாலத்துக்குச் சிங்களம் தெரியத் தேவையில்லை, குடல்வாலுக்கும் தெரியத் தேவையில்லை. ஆகவே ஒரு சமூகம் முழுவதும் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் திரும்பியது. பொறியியலுக்குத் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம். மருத்துவத்துக்கு இரண்டு கணிதத்துக்கும் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும். நாலு பாடம், 400 புள்ளி. பிள்ளை பிறந்ததும் சாதகம் எழுதும் சாத்திரியார், "பேராதனையோ கட்டுபெத்தையோ?" என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். 1969 அளவில் பொறியியலிலும் மருத்துவத்திலும் உள்ளே போனவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தமிழர்.

இதற்கிடையில் அரசாங்கம் வேறொரு நல்ல காரியமும் செய்திருந்தது. விஞ்ஞானத்தையும் தாய்மொழியிலேயே படிக்கலாம், தாய்மொழியிலேயே பரீட்சை எழுதலாம். நல்லதுதான். ஆனால் சிங்களத் தாளைச் சிங்களவர் திருத்துவார், தமிழ்த் தாளைத் தமிழர் திருத்துவார். ஆளுக்காள் மற்றவன் தாளை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத தாளில் எதையும் கற்பனை பண்ணலாம்.

1970 இல் பண்ணினார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டு முன்னணி அரசாங்கம் அப்போதுதான் வந்திருந்தது. அந்த வருடப் பொறியியல் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் அதிகம் என்று கதை கசிந்தது. தமிழ்ப் பரீட்சகர்மார் தங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளியை அள்ளிக் கொட்டுகிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. தமிழ் வாத்தியார் மார்க்கை அள்ளிக் கொட்டுகிறார் என்று சொன்னால், அந்த வாத்தியாரிடம் படித்த யாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அரை மார்க்குக்கு அலகு போடவில்லை என்று வெட்டுகிற பரம்பரை அது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. அதனால் என்ன, தீர்ப்பு வந்துவிட்டது.

1971 அனுமதிக்கு மருத்துவம் போக, சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 400 க்கு 229 போதும். தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. கட்டுபெத்தைக்கு 212, 232. மிருக வைத்தியத்துக்கு 181, 206. மாட்டுக்கு ஊசி போடவும் தமிழனுக்கு 25 புள்ளி கூடத் தேவைப்பட்டது. மாடு எந்த மொழிமூலம் என்று சுற்றுநிருபத்தில் இல்லை.

றோயல் கல்லூரியில் இரண்டு மொழிமூலமும் இருந்தன. ஒரே மைதானத்தில் பந்தடித்து, ஒரே கன்ரீனில் ஒரே மாலுபாணைப் பிய்த்துத் தின்ற இரண்டு பெடியன்கள் ஆளுக்கு 240 எடுத்தார்கள் என்று வையுங்கள். ஒருவன் கின்சி வீதி மருத்துவபீடத்தில் பிரேதம் வெட்டப் போவான். மற்றவன் வெள்ளவத்தை வீட்டில் மூன்றாம் தரம் எழுதப் புத்தகத்தைத் திறப்பான். அல்லது கணக்கியல் பரீட்சைக்குப் பணம் கட்டுவான். கொழும்பில் அந்தத் தலைமுறையில் இத்தனை தமிழ்க் கணக்காளர்மார் எங்கிருந்து முளைத்தார்கள் என்று யோசித்தவர்களுக்கு ஒரு விடை இங்கே கிடக்கிறது. கட்டுபெத்தைக்கு வடக்கே நின்றுபோன பொறியியலாளர்கள் அவர்கள்.

அரசாங்கத்திடம் பதில் தயாராக இருந்தது. நாங்கள் இனம் பார்க்கவில்லை, மொழிமூலம்தான் பார்த்தோம். இது பாதி உண்மை. தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250 தான். கல்வி அமைச்சரோ பதியுதீன் மஹ்மூத், கம்பளை ஸாஹிராவில் அதிபராக இருந்தவர். தன் பழைய மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் வேலியை உயர்த்தினார். பாரபட்சமற்ற பாரபட்சம்.

கண்ணுக்குத் தெரிகிற வேலி சட்டத்தரணிமாருக்கும் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரருக்கும் தீனி. ஆகவே 1973 இல் புள்ளிவிபரவியலைக் கூப்பிட்டார்கள். தரப்படுத்தல் பிறந்தது. அதன் வேலை இதுதான். தமிழ்மூலம் எழுதியவர்களை ஒரு குவியலாகவும் சிங்களமூலம் எழுதியவர்களை இன்னொரு குவியலாகவும் போடு. குவியலுக்குக் குவியல் சராசரியும் பரம்பலும் எடு. இரண்டையும் ஒரே அளவுகோலுக்கு இழுத்துக் கொண்டுவா. அதற்குப் பிறகு, எந்தக் குவியலில் எத்தனை பேர் சோதனைக்கு இருந்தார்களோ அந்த விகிதத்தில்தான் உள்ளே போவார்கள். தமிழ்க் குவியலின் சராசரி 50 ஆகவும் மற்றதன் சராசரி 40 ஆகவும் இருந்தால் அந்தப் பத்தும் ஆவி. யாரும் அதைக் கழித்ததாகச் சொல்ல முடியாது. சமன்பாடு கழித்தது. சமன்பாட்டுக்கு எதிராக ஊர்வலம் போவது கஷ்டம், கோஷம் எதுகை மோனைக்குள் வராது. ஆனாலும் மாணவர் போனார்கள். தமிழ் மாணவர் பேரவை 1970 இலேயே முளைத்துவிட்டது. அந்த ஊர்வலத்தில் நடந்த சிலர் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

1974 இல் மாவட்டக் கோட்டா சேர்ந்தது, 1975 இல் முழுமையாக வந்தது. சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டத்துக்கு இத்தனை இடம். இந்த இடத்தில் நம்மவர்கள் கதையைச் சொல்லும்போது ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சொல்வது வழக்கம். கிழித்த பக்கத்தை ஒட்டி வைக்கிறேன். மாவட்டக் கோட்டாவால் அடிபட்டது யாழ்ப்பாணம் மட்டுமல்ல, கொழும்பும்தான். கறுவாத்தோட்டத்துச் சிங்கள அம்மாமாரும் தலையில் கைவைத்தார்கள். லாபம் அடைந்தவர்களில் கண்டிக் கிராமத்துச் சிங்களப் பிள்ளை இருந்தான். கூடவே மட்டக்களப்பு, மன்னார், வவுனியாத் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் இருந்தார்கள். ஆய்வுகூடமே இல்லாத பள்ளிக்கூடத்தில் பிப்பெற்றைப் படத்தில் மட்டும் பார்த்தவனும், யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரியில் படித்தவனும் ஒரே கோட்டில் ஓட வேண்டும் என்பது என்ன நியாயம்? 1971 இன் மொழிக் கணக்கு அநியாயம், பேச்சே இல்லை. 1974 இன் மாவட்டக் கணக்குக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருந்தது. முன்னதன் முதுகில் ஏறி வந்ததால் அதை யாரும் அடையாளம் காணவில்லை. காணும் மனநிலையிலும் யாரும் இல்லை. 1969 இல் பாதியாக இருந்த பொறியியல் பங்கு 1974 இல் ஏறக்குறைய 16 வீதம்.

கோட்டா வந்ததும் கொழும்பில் ஒரு அதிசயம் நடந்தது. பிறந்த மண் மீது எல்லாருக்கும் பற்று வந்துவிட்டது. ஆயுளில் ஒருமுறையும் வவுனியாவில் இறங்காமல் யாழ்தேவியில் தூங்கிக்கொண்டு போனவர், அங்கே தனக்கொரு பெரியம்மா இருப்பதைத் திடீரென்று நினைவுகூர்ந்தார். சிங்கள நண்பர்களுக்கு மொனராகலைப் பாட்டிமார் உயிர்த்தெழுந்தார்கள். பெரியம்மாவுக்கு முதலில் சந்தோசம். பிறகு அந்தப் பெடியன் தோட்டத்துப் பக்கம் எட்டியும் பாராமல் இரவிரவாக அரிக்கன் லாம்பில் தொகையீடு செய்வதைப் பார்த்து, பேய் பிடித்துவிட்டதாக்கும் என்று விபூதி போட்டார். இந்தப் பாசப் பெருக்கை அணை கட்டித் தடுக்கத்தான் பிறகு மூன்று வருட விதி வந்தது. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடமும் எங்கே படித்தாயோ அதுதான் உன் மாவட்டம். பெரியம்மாமார் திரும்பவும் தனிமையில் விடப்பட்டார்கள்.

அதற்கிடையில் உயர்தரத்தையே ஒழித்துவிட்டு வேறு பெயரில் ஒரு சான்றிதழ் கொண்டுவந்தார்கள். 1977 இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா வந்து அதை ஒழித்துப் பழையதைக் கொண்டுவந்தார். தரப்படுத்தலையும் ஒழித்தேன் என்றார். கைதட்டினார்கள். 1978 இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வந்தது. 1979 இல் புதிய சூத்திரம் வந்தது. நாடு முழுவதற்கும் திறமை அடிப்படையில் 30 வீதம், மாவட்டச் சனத்தொகைப்படி 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 வீதம். மொழிக் குவியல் போனது, மாவட்டக் குவியல் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது.

1983 யூலையைப் பகிடியாக எழுத எனக்குத் தைரியமில்லை. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. தாண்டிப் போகிறேன்.

தொண்ணூறுகளில் வெள்ளவத்தைக்கு இரண்டாம் தரம் ஆள் நிறைந்தது. இம்முறை வந்தவர்கள் கிளாக்கர்மார் அல்லர். 1990 இலும் 1995 இலும் யுத்தத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள், லொட்ஜ் அறைகள், பொலிஸ் பதிவு. பிள்ளையின் பொதிக்குள் ஒரு பொலிஸ் துண்டு, ஒரு கடந்தகால வினாத்தாள் கட்டு. சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் முதலாவதை வாசிப்பார், இரண்டாவதைப் புரட்டிப் பார்த்துச் சந்தேகப்படுவார். தமிழெழுத்துக்கு நடுவில் அம்புக்குறிகளும் விசைகளும் கோணங்களும் நிறைந்த வரைபடம் வேறு எதைக் குறிக்க முடியும்? பௌதிகம் என்று விளங்கவைக்க, கேட்பவருக்கும் கொஞ்சம் பௌதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பேர்போன ரியூசன் வாத்தியார்மாரும் கூடவே வந்து சேர்ந்தார்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பார்த்தால், ஒரு வீட்டு மாடியில் இயக்கவியல், அடுத்த கராஜுக்குள் சேதன இரசாயனம், மூன்றாவது வீட்டில் உயிரியல். போட்டோகொப்பிக் கடையில் நோட்ஸ் சூடாக இறங்கும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சைவப் பிள்ளைகளும் பேனையோடு போய் நிற்பார்கள். அனுமதி அட்டை பிள்ளையாரின் காலடியில் ஒரு இரவு தங்கும். நாலாயிரம் வருட நாகரிகம், ஒரு மதமும் மிச்சம் விடாமல், ஐம்பது கேள்வியின் முன்னால் மண்டியிட்டது.

அந்த ஐம்பது கேள்வியைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். பல்தேர்வுத் தாள், 2 மணித்தியாலம், கேள்விக்கு 5 விடை. சரியான விடையின் எண்ணின் மேல் புள்ளடி போட வேண்டும். தேர்தலிலும் இந்த நாடு குடிமகனிடம் கேட்பது அதே புள்ளடியைத்தான். இரண்டு இடத்திலும் ஐந்தில் நாலு பிழை. பரீட்சையிலாவது மிச்சம் ஒன்று சரி. ஒரு கேள்விக்குக் கிடைப்பது 2 நிமிடமும் கொஞ்சமும். முதல் பத்து லேசு, இருபதுக்கு மேல் வியர்வை, நாற்பதுக்கு மேல் அந்தோனியார். கடைசி ஐந்து நிமிடத்தில் மிச்சம் எல்லாவற்றுக்கும் மூன்றாம் விடைக்குப் புள்ளடி போடுவது எங்கள் ஒழுங்கையின் குலவழக்கம். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் இந்த மார்க்கத்தில் மோட்சம் கொஞ்சம் உண்டு.

2000 இல் நாலு பாடம் மூன்றானது. தூய கணிதமும் பிரயோக கணிதமும் கலியாணம் முடித்து இணைந்த கணிதமாகின. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியலாகின. பொது வினாத்தாள் ஒன்றும் வந்தது. அதில் சித்தியடைந்தால் போதும், புள்ளி எதிலும் சேராது. ஆகவே அதற்கு யாரும் நேர்த்திக்கடன் வைப்பதில்லை. அடுத்த வருடம் பேராதனைப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் தட்டில் என்பவர் வகுத்துக் கொடுத்த இசட் புள்ளி வந்தது.

இசட் புள்ளியைப் பலர் பயந்து பார்க்கிறார்கள், தேவையில்லை. ஒரு கற்பனைக் கணக்கு. இரசாயனத்தில் எல்லாருடைய சராசரி 50, பரம்பல் 10. நீ எடுத்தது 60. சராசரியைக் கழி, பரம்பலால் வகு, விடை 1. பௌதிகத்தில் சராசரி 30, பரம்பல் 15. நீ எடுத்தது அதே 60. விடை 2. ஒரே 60, ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு கனம். லேசான தாளில் எடுத்த புள்ளிக்கு விலை குறைவு, கஷ்டமான தாளில் எடுத்ததற்கு விலை கூட. மூன்று பாடத்துக்கும் எடுத்துச் சராசரி பார்த்து, நாலு தசமதானத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். லேசான பாடம் எடுத்தவன் கஷ்டமான பாடம் எடுத்தவனைத் தாண்டிப் போகிற பழைய அநியாயத்துக்கு இது நல்ல மருந்துதான்.

ஆனால் உற்றுப் பார்த்தவர்களுக்கு முதுகு சில்லிட்டிருக்கும். சராசரியைக் கழி, பரம்பலால் வகு. எங்கேயோ பார்த்த முகம் அல்லவா? 1973 இல் வந்தவரின் சொந்தச் சகோதரன் இவர். அதே சுண்டு, அளக்கிற அரிசிச் சாக்குத்தான் வேறு. அன்று மொழிக்கு மொழி சாக்கைப் பிரித்தார்கள். இன்று பாடத்துக்குப் பாடம், எந்த மொழியில் எழுதினாலும் ஒரே சாக்கு. அன்று அந்தக் கணக்கை எரித்த சமூகம் இன்று அதை நாலு தசமதானத்துக்கு மனப்பாடம் செய்கிறது. வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காய் முறித்துப் பார்க்கும் மாமிமாருக்கு நியம விலகல் அத்துப்படி.

"தம்பி, றிசல்ட் வந்திட்டுதாமே?"

"ஓம் மாமி."

"எத்தினை?"

"மூண்டு ஏ, மாமி."

"அது கிடக்கட்டும். இசட் எத்தினை?"

"ஒண்டு தசம் ஒன்பது."

"ஐயோ... கொழும்பிலயே எழுதினனீர்?"

மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குச் செத்த வீட்டுக் குரலில் ஆறுதல் சொல்கிற நாடு உலகில் வேறு எங்கும் உண்டோ தெரியவில்லை. அதே புள்ளியை மன்னாரில் எடுத்திருந்தால் மாமி தன் மகளின் சாதகத்தை எடுத்திருப்பார்.

இதன் உச்சக்கட்டம் 2011 இல் நடந்தது. அந்த வருடம் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் உயர்தரம் எழுதின. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். நாடே கொதித்தது, போதாததற்கு மாவட்ட நிலைகளிலும் பிழை. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் நியம விலகல் பற்றி வாதாடினார்கள். 2012 யூன் 25 அன்று நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளைத் தள்ளுபடி செய்தது. இவை இரண்டு வேறு குடித்தொகைகள், தனித்தனியாகப் பிரித்துக் கணி என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் பரீட்சைத் தெய்வத்தின் குறும்பைப் பாருங்கள். 1973 இல் இரண்டு குவியலாகப் பிரித்தது அநீதி. 2011 இல் இரண்டு குவியலாகப் பிரிக்காதது அநீதி. சூத்திரம் ஒன்றுதான். யாரை யாரோடு சேர்த்துக் கொட்டுவது என்று கதிரையில் இருக்கிறவர் எடுக்கும் முடிவில்தான் எல்லாம் கிடக்கிறது. அந்த முடிவைப் புள்ளிவிபரவியல் எடுப்பதில்லை, அமைச்சரவை எடுக்கிறது.

நாம் மட்டும் இந்தச் சேற்றில் நிற்பதாக நினைத்து மனம் வருந்த வேண்டாம். சீனாவில் 605 அளவில் தொடங்கிய அரச பரீட்சையை 1905 இல்தான் நிறுத்தினார்கள். 1300 வருட ரியூசன். அமெரிக்காவில் 1926 இல் தொடங்கிய எஸ்.ஏ.ரி. சோதனையைக் கொரோனாக் காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் தூக்கிப்போட்டன. 2022 இல் எம்.ஐ.ரி. திரும்ப எடுத்துக்கொண்டது. அக்கரைத் தமிழ்நாட்டில், கிராமத்துப் பிள்ளைக்குப் பாதகம் என்று 2007 இல் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். பத்து வருடத்தில் டெல்லியிலிருந்து நீட் வந்து வாசலில் உட்கார்ந்தது. பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் தமிழன் படிக்கிறான், இரண்டு பக்கமும் வேறு யாரோ வகுக்கிறார்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பது 40, 55, 5. திறமைக்கு 40 வீதம், மாவட்டச் சனத்தொகைக்கு 55, பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5. அந்த 16 இன் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நுவரெலியா, மொனராகலை, அம்பாந்தோட்டை, மன்னார், முல்லைத்தீவு எல்லாம் எதிர்பார்த்ததுதான். நடுவில் யாழ்ப்பாணம். ஒரு காலத்தில் நாட்டின் பொறியியல் இடங்களை அள்ளிக்கொண்டு போகிறது என்று வேலி போட்டுத் தடுக்கப்பட்ட அதே யாழ்ப்பாணம் இப்போது கல்வியில் பின்தங்கிய மாவட்டம். இதற்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டது.

கொழும்பு அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் முடியாது. கொழும்பு மாவட்டம் என்றால் அதிகாரிகளுக்குக் கறுவாத்தோட்டம்தான் கண்ணில் படும். கொட்டாஞ்சேனையிலும் தோட்டங்கள் இருக்கின்றன. பத்தடி அறை, பொதுக் குழாய், சுவருக்கு மறுபக்கம் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி. இரண்டு தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. அவிசாவளைப் பக்கத்து இறப்பர் தோட்ட லயத்துப் பிள்ளையும் கொழும்பு மாவட்டம்தான். றோயலோடும் விசாகாவோடும் அவள் போட்டி போட வேண்டும். அதே லயத்தைச் சில மைல் தள்ளி இரத்தினபுரி மாவட்டத்துக்குள் கட்டியிருந்தால் அவள் பின்தங்கியவள், சலுகை உண்டு. மாவட்ட எல்லையைக் கீறின வெள்ளைக்காரன் மருத்துவபீடத்தை நினைத்துக் கீறவில்லை. மாவட்டத்தை விட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார், அங்கே ஆய்வுகூடம் உண்டா, பௌதிக ஆசிரியர் உண்டா என்று பார் என்றால், அதற்கு ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய்ப் பார்க்க வேண்டும். சனத்தொகையை வகுப்பது அதைவிட லேசு, கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை.

வருடா வருடம் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். இடம் கிடைப்பது அரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. மீதிப்பேர் கேட்டது தகுதியை, கிடைத்ததும் தகுதி. அதற்கு மேல் ஆணைக்குழுவிடம் கதிரை இல்லை. இடத்தைக் கூட்டாமல் எந்தச் சூத்திரத்தைத் திருத்தினாலும், உள்ளே போகிறவனின் பெயர் மாறுமே தவிர வெளியே நிற்பவர்களின் தொகை மாறாது. காசுள்ளவர்கள் இந்தச் சண்டையிலிருந்து எப்போதோ இறங்கிவிட்டார்கள். பிள்ளை லண்டன் ஏ.எல். எழுதுகிறான், கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறான். ஒரு வட்டம் சுற்றிக் கப்பல் காலத்துக்கே திரும்பிவிட்டார்கள். வினாத்தாள் அதே இங்கிலாந்திலிருந்து வருகிறது.

கடைசியாக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாமிமாருக்கு ஒரு வேண்டுகோள். றிசல்ட் வருகிற கிழமையில் தெரிந்த பிள்ளையைச் சந்தையிலோ கோயிலிலோ கண்டால் இசட் புள்ளியைக் கேளாதேயுங்கோ. கேட்காமல் இருக்க ஏலாது என்றால் பாடப்பிரிவு, மாவட்டம், மாவட்ட நிலை, அந்த வருட வெட்டுப்புள்ளி நாலையும் சேர்த்துக் கேளுங்கோ. வெட்டுப்புள்ளி வரப் பல மாதம் ஆகும். அதுவரை பொறுங்கோ.